ஒரே கட்டம், இரண்டு ஆசனங்கள்



இவ்வாரத் தியானப் பகுதி: யாக்கோபு 2:1–9

நம் வாலிபர் சிலர் கட்டம் போட்ட ஃபிளானல் சட்டையைப் பொத்தானிடாமல் அணிந்து ஆராதனைக்கு வருகிறார்கள். "இது மேல்நாட்டு மோகம் அல்லவா?" என்று பெரியவர்கள் சிலர் விசனத்தோடு கேட்டார்கள். ராயப்பேட்டை வெயிலுக்கு ஃபிளானல் ஏற்றதா என்பதை அணிகிறவரே தீர்மானிக்கட்டும். கட்டங்களை அந்நியம் என்று தள்ளுமுன் சற்று நிதானிப்போம்.

கட்டம் போட்ட ஒருவகைப் பருத்தித் துணிக்கு உலகம் வழங்கும் பெயரே 'மெட்ராஸ்' என்பதாகும். நம் நகரின் பெயரால் அறியப்பட்ட அந்தக் கைத்தறித் துணி, பல தலைமுறைகளாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதனை 'இஞ்சிரி' என்று அழைத்து, பிறந்த குழந்தையைப் போர்த்துவது முதல் அடக்கச் சடங்கு வரை பயன்படுத்துகிறார்கள். 1960-களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் அதை விரும்பி அணிந்தார்கள். துவைத்தபோது சாயம் ஒழுகியது. வணிகர்களோ அந்தக் குறையையே சிறப்பென்று விளம்பரம் செய்து விற்றார்கள்.

ஃபிளானல் சட்டையின் கதையும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் அது மரம் வெட்டுவோரும் பண்ணையாட்களும் குளிருக்கு அணிந்த உழைப்பாளியின் உடை. இன்று அது நம் பேட்டையின் எக்ஸ்பிரஸ் அவென்யூ போன்ற வணிக வளாகங்களில் நாகரிக உடையாக விற்கப்படுகிறது.

இப்போது நம் உழைப்பாளியின் கட்டத்தைப் பாருங்கள். குடியாத்தம் போன்ற ஊர்களில் நெய்யப்படும் கைலியிலும் அதே கோடுகள், அதே சதுரங்கள் உண்டு. மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டில் மூட்டை சுமப்பவர் அந்தக் கைலியோடு நம் ஆலய வாசலில் நின்றால், எங்கே அமரச் சொல்வோம்? தூரதேசத்துத் தொழிலாளியின் சட்டைக்கு நடுவரிசையில் இடம் கிடைக்கிறது. அண்டை வீட்டுத் தொழிலாளியின் கைலிக்கோ கடைசி வாங்குகூடச் சந்தேகமே. கட்டத்தில் பேதமில்லை. பேதம் நம் கண்களில் இருக்கிறது.

யாக்கோபு கண்டிப்பது இதையே. செல்வனுக்கு நல்ல ஆசனமும் தரித்திரனுக்குத் தரையும் காட்டுகிற சபையை அவர் நியாயத்தீர்ப்புக்கு முன் நிறுத்துகிறார். ஆடையை அவர் குற்றப்படுத்தவில்லை. ஆடையைப் பார்த்து ஆளை அளந்தவர்களையே குற்றப்படுத்துகிறார்.

"கைலி வீட்டு உடை; ஆலயத்துக்கு மரியாதை வேண்டாமா?" என்பீர்கள். மாற்று உடை உள்ளவர் மாற்றி வருவது நல்ல ஒழுங்கே. ஆயினும், வேலையிலிருந்து நேரே ஜெபிக்க வருகிறவருக்கு அந்த ஒழுங்கு அடைத்த கதவாகிவிடக் கூடாது. மரியாதை என்பது முதலாவது ஆண்டவர் அழைத்த மனிதனுக்குச் செய்யப்பட வேண்டியது.

வாலிபரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆடையைக் குறித்துத் தனியே ஒரு பிரசங்கம் எழுதிய ஜான் வெஸ்லி, விலையுயர்ந்த உடைக்குச் செலவிடும் பணம் ஏழைக்குச் சேரவேண்டிய பங்கு என்று வாதிட்டார். உங்கள் சட்டையின் கட்டங்களைக் குறித்து எனக்கு ஆட்சேபம் இல்லை. அதன் விலைச்சீட்டைக் குறித்து நீங்களே ஆண்டவரிடம் கணக்குப் பாருங்கள். அடுத்த சட்டையைக் கைத்தறிக் கடையில் வாங்கினால், நம் நெசவாளர் ஒருவரின் அடுப்பும் எரியும்.

பெரியோரே, வருகிற ஞாயிறு கைலியோடு ஒருவர் வாசலில் தயங்கி நின்றால், எழுந்து சென்று அழைத்து வாருங்கள். உங்கள் அருகிலேயே அமர்த்தி, உங்கள் பாமாலைப் புத்தகத்தை அவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.

ஜெபம்: இருதயங்களை அறிகிற ஆண்டவரே, துணியைப் பார்த்து மனிதரைத் தரம்பிரிக்கும் கண்களை எங்களிடமிருந்து எடுத்துப்போடும். உமது வீட்டில் ஒருவரும் வாசலோடு திரும்பிப் போகாதபடி எங்களைக் காத்தருளும். ஆமென்.