மரம் இருக்கிறது, அளவு எங்கே?

உயர்தரத்தில் புவியியல் படிக்கும் பிள்ளையிடம் 1:50,000 இடவிளக்கப் படத்தைக் கொடுத்தால் முதலில் அளவுத்திட்டத்தைப் பார்க்கச் சொல்கிறோம். உயிரியல் படிக்கும் பிள்ளை கணினியில் கூர்ப்பு மரம் வரைந்து கொண்டுவந்தால், "அளவுக்கோடு எங்கே?" என்று கேட்பவர் குறைவு. இரண்டுக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்பது என் கருத்து.

இது வகுப்பறைக்குள் முடிகிற விஷயமல்ல. கொரோனா காலத்தில் வட்ஸ்அப்பில் சுற்றிய மரங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு படத்தில் இரண்டு நோயாளிகளிடம் எடுத்த வைரஸ்கள். இன்னொரு படத்தில் மனிதருக்கு வந்த வைரஸும், சீனாவின் யுனான் மாகாணத்து வௌவாலில் கண்ட ஆர்.ஏ.டீ.ஜீ.13 என்ற வைரஸும். இரண்டு படத்திலும் கிளைகள் ஒரே நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கணக்கைப் பார்த்தால் அப்படியில்லை. இந்த வைரஸின் மரபுத் தொகுதியில் கிட்டத்தட்ட 30,000 எழுத்துகள். 2020 தொடக்கத்தில் இரு நோயாளிகளின் வைரஸ்களுக்கு இடையே வித்தியாசம் ஒரு சில எழுத்துகள்தான். வௌவால் வைரஸ் சுமார் 96.2 வீதம் ஒத்திருக்கிறது. கேட்க நெருக்கமாகத்தான் தெரியும். ஆனால் மிச்சம் 3.8 வீதம் என்பது 1,100க்கும் மேற்பட்ட எழுத்துகள்! மனிதரிடையே பரவும்போது இந்த வைரஸில் மாதத்துக்குச் சுமார் இரண்டு எழுத்துகள்தான் மாறின. அப்படியென்றால் அந்த இரு கிளைகளும் பிரிந்து பல பத்தாண்டுகள். "பக்கத்துக் கிளைதானே, நேரே அதிலிருந்துதான் வந்தது" என்று முடிவு கட்டியவர்களுக்கு இதைக் காட்ட ஒரு சின்னக் கோடு போதும்.

அந்தக் கோட்டின் கீழே 0.01 என்று இருந்தால், அவ்வளவு நீளத்துக்கு 100 இடங்களில் ஒரு மாற்றம் என்று அர்த்தம். இந்த வைரஸுக்கு அது சுமார் 300 எழுத்து. படத்தைக் கைபேசியில் சிறிதாக்கினாலும் கோடும் சேர்ந்தே சிறிதாகும்; கணக்கு பிழைக்காது. கோடு கிடக்கும் திசையில்தான் நீளத்தை அளக்க வேண்டும். மரம் இடமிருந்து வலமாகப் போனால், மேலும் கீழுமான இடைவெளிக்கு அர்த்தமில்லை.

போடுவதும் கஷ்டமில்லை. ஆர் மென்பொருளின் 'ஏப்' பொதியில் மரத்தை வரைந்த பிறகு ஒரே வரிக் கட்டளை.

ஒரு விஷயம் கவனம். சில மரங்கள் யார் யாருக்கு உறவு என்பதை மட்டும் காட்டும். கிளை நீளத்துக்குப் பொருள் இராது. அதில் கோடு போடுவது பொய்யாகிவிடும். "கிளை நீளம் அளவுக்கு அல்ல" என்று படத்திலேயே எழுதிவிட வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, இந்த இரண்டில் ஒன்று இல்லாத மரத்துக்கு முழுப் புள்ளி கொடுக்காதீர்கள். பெற்றோரே, அப்படியொரு படம் உங்கள் குழுவுக்கு வந்தால் அனுப்பியவரிடம் அளவைக் கேளுங்கள். பதில் வரும்வரை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.