புள்ளையார் கல்லும் இருபத்தோரு கியரும்



கொல்லிமலைக்கு சைக்கிளோடு போய் வந்தேன் என்றதும் வகுப்பில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "எழுபது கொண்டை ஊசி வளைவையும் மிதிச்சே ஏறினியா?" என்பதுதான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏறவில்லை. குச்சிக்கிழங்கு ஏற்றக் காலியாக மேலே போன ஒரு குட்டியானை வண்டியில் நாலு சைக்கிளையும் கட்டிப் போட்டுக்கொண்டு நாங்களும் தொற்றிக்கொண்டோம். சோளக்காட்டில் இறங்கியபோது பாதிப் பேருக்கு வயிற்றைப் புரட்டியது. வீரமெல்லாம் அதற்கப்புறம்தான்!

இந்த மலைச் சைக்கிள் விளையாட்டே நம்மைப் போன்ற பட்டறைப் பைத்தியங்கள் ஆரம்பித்ததுதான். 1970களில் கலிபோர்னியாவின் மாரின் கவுண்டியில் சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் மண் பாதையில் விட்டு இறங்கினார்கள். 1976ல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒவ்வொரு இறக்கத்திலும் பின் ஹப் பிரேக்கில் இருந்த கிரீஸ் சூட்டில் உருகிப் புகைந்துவிடும்; பிரித்துப் புது கிரீஸ் அடைத்தால்தான் மறுபடி ஓடும். அதனால் வந்த பெயர். இருபது வருஷத்தில், 1996 அட்லாண்டாவில், அது ஒலிம்பிக்கிலேயே சேர்ந்துவிட்டது.

நம் மலைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல்மட்டத்துக்கும் காரவள்ளி அடிவாரத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் ஆயிரம் மீட்டர். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால் ஏழே முக்கால் லட்சம் ஜூலுக்கு மேல் வருகிறது. இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. தார் ரோட்டில் அதைப் பிரேக்கும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மண் பாதையில் பின் சக்கரத்தை லாக் பண்ணி வழுக்கிக்கொண்டு போனால் பாதையும் பங்கு வாங்கும். டயர் கிழித்த கோடு அடுத்த மழைக்கு வாய்க்கால் ஆகும். அப்புறம் அங்கே பாதை இருக்காது.

அந்தப் பாதை யாருடையது என்பதுதான் என் பேச்சு. நாங்கள் ஓட்டியது ஊருக்கு ஊர் போகும் ஒற்றையடித் தடம். மலையாளி மக்கள் (கேரளக்காரர்கள் இல்லை, இந்த மலையின் பழங்குடிகள்) சாமையும் பலாவும் தலையில் சுமந்து நடந்து நடந்து போட்டது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், ஒரு திருப்பத்தில் சட்டென்று காடு மூடிக்கொள்ளும். அப்படி ஒரு திருப்பத்தில் மரத்தடியில் ஒரு புள்ளையார். அவர் முன்னால் கொஞ்சம் வழவழப்பான கற்கள் குவித்து வைத்திருந்தன. உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றை எடுத்தேன். ஒரு பக்கம் உளி மாதிரி முனை. 'பேப்பர் வெயிட்டுக்கு ஆகும்' என்று டூல் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஆமாம், திருடினேன்.

ஹாஸ்டலில் வைத்துப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. பள்ளியில் எனக்கு வரலாறு எடுத்த ஆசிரியரிடம் காட்டினேன். "கற்கோடாரிடா இது, புதிய கற்காலம்" என்றார். மூவாயிரம் வருஷத்துக்குக் குறையாது. கொத்தி, பொளிந்து, பிறகு இன்னொரு கல்லில் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறான் ஒருவன், இரும்பு என்பதையே அறியாதவன். ஒரு ஃபைலிங் ஜாப்புக்கு மூணு பீரியட் எடுத்தும் ஸ்கொயர் வராத நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி குட்டியானை. மரத்தடியில் ஒரு பெரியவர் இருந்தார். கல்லை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு குறையுதுன்னு அன்னிக்கே தெரியும் தம்பி. எம் பேரன்தான் வெளையாட எடுத்துட்டான்னு அவனப் போட்டு அடிச்சுப்புட்டேன்" என்றார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

வல்வில் ஓரியின் சிலை செம்மேட்டில் நிற்கிறது. எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்தியதாக வன்பரணர் பாடிய ஓரி. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஓரிக்கும் முந்தின அந்தக் கற்களுக்கோ போர்டும் இல்லை, வேலியும் இல்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குக் கட்டுமானம் கூடாது என்று 2010ல் திருத்திய மத்தியச் சட்டம் சொல்கிறது. பட்டியலில் வராத புள்ளையாருக்கு எந்தச் சட்டம்? அந்தப் பெரியவர்தான் சட்டம்.

"மியூசியத்தில் கொடுத்திருக்கலாமே" என்று எலக்ட்ரிகல் நண்பன் வாதாடுகிறான். எனக்கு உடன்பாடில்லை. இருந்த இடத்தோடு இருந்தால்தான் கல் பேசும்; பைக்குள் வந்துவிட்டால் வெறும் கல். சம்பளமில்லாமல் எண்ணி எண்ணிக் காப்பவர்களிடமிருந்து பிடுங்கி யாருக்குக் கொடுப்பது?

அதற்காகச் சைக்கிளே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2018ல் குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024ல் அரசே நாற்பது தடங்களை வழிகாட்டிகளோடு திறந்தது. அதெல்லாம் நடப்பவர்களுக்கு. நாம் காட்டுக்குள் சறுக்கி விளையாடினால் ஒருநாள் கேட் விழும், கிழங்கு சுமக்கிறவர்களையும் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். ஹம்பியைப் பாருங்கள்: உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துப் பதின்மூன்று வருஷத்தில், 1999ல், பாலமும் போக்குவரத்தும் வந்ததால் ஆபத்துப் பட்டியலுக்குப் போய் 2006ல்தான் மீண்டது. அவ்வளவு பெரிய ஹம்பிக்கே அந்தக் கதி!

என் கட்சி இதுதான். அனுமதி கேட்டுவிட்டுப் போவோம். உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூலி கொடுத்து முன்னால் விடுவோம். மழைக்கு மறுநாள் மண் தடத்தில் ஓட்ட வேண்டாம். கல், கோயில் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்போம், இருபத்தோரு கியர் இருந்தாலும். ரீல்ஸில் இடத்தின் பெயரைப் போட வேண்டாம். போட்டால் எனக்குப் பிறகு இன்னும் பத்துப் பேர் பேப்பர் வெயிட் தேடி வருவார்கள்.

அன்று பெரியவரின் பேரனைப் பார்த்துத்தான் வந்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் சைக்கிளைக் கொடுத்து ஓட்டச் சொன்னேன். அவனுக்கு பெடல் எட்டவில்லை. சீட்டை இறக்க என்னிடம் ஸ்பானர் இல்லை. கல்லை வைத்திருந்த அதே டூல் பையை இந்த முறை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். தை மாதம் மறுபடி போகிறோம். பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானரை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.