கையெழுத்திடாத மூவர்

ஊரிலிருந்து மும்பைக்குப் புதிதாக வரும் குடும்பங்கள் வாடகை வீடு எடுக்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர்கள் சிலர், "வாடகை வீட்டைப் பற்றி எழுதினீர்கள், சரி. சொந்த வீட்டையே இடித்துவிட்டு இருபது மாடிக் கட்டிடம் எழுப்புவதா வேண்டாமா என்று எங்கள் சொசைட்டியில் பெரும் சண்டை நடக்கிறதே! அதைப் பற்றி எழுதக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். செம்பூர், மாட்டுங்கா, சயான், முலுண்ட், டோம்பிவிலி என்று நம்மவர் வாழும் பகுதிகளில் எங்கே சென்றாலும் இன்று இதே பேச்சாக இருக்கிறது. எங்கள் கட்டிடத்திலும் இது நடந்தது. அதில் எனக்கும் ஒரு பங்குண்டு. அது பெருமைக்குரிய பங்கன்று. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டிடங்கள் இப்போது மூப்படைந்துவிட்டன. கடற்காற்றிலும் மழையிலும் தூண்களுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, சிமெண்டைப் பிளக்கிறது. லிப்ட் கிடையாது. அன்று படிகளில் ஓடி ஏறியவர்களுக்கு இன்று முழங்கால் வலி. அதே மனையில் அன்று அனுமதிக்கப்பட்டதைவிடப் பல மடங்கு பரப்பில் கட்டிக்கொள்ள இன்றைய விதிகள் இடந்தருகின்றன. பில்டர் பழைய கட்டிடத்தை இடித்து உயரமான கட்டிடம் எழுப்புவார். பழைய அங்கத்தினர்களுக்கு விலையின்றிப் புது வீடு தருவார். மிகுதி வீடுகளை வெளியாருக்கு விற்றுத் தம் செலவையும் லாபத்தையும் எடுத்துக்கொள்வார். கட்டிடம் எழும்வரை நாம் வேறிடத்தில் வசிக்க வாடகையும் தருவார். கேட்பதற்கு இனிமையான ஏற்பாடு. ஆனால் நம் கையில் இருக்கும் ஒரே வீட்டை இடிக்கக் கொடுத்துவிட்டு, இன்னும் எழும்பாத வீட்டை நம்பிக் காத்திருக்கும் ஏற்பாடு என்பதையும் மறக்கலாகாது.

இதற்குச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் 79-ஏ என்ற பிரிவு உண்டு. அதன்கீழ் மாநில அரசு 2009 ஜனவரி 3 அன்று நெறிமுறைகளை வெளியிட்டு, 2019 ஜூலை 4 அன்று அவற்றைத் திருத்தியது. இதற்கென விசேஷப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மொத்த அங்கத்தினர்களில் மூன்றில் இரு பங்கினர் வந்திருக்க வேண்டும். 51 சதவீதத்தினர் சம்மதிக்க வேண்டும். நடவடிக்கைகளைப் படம் பிடித்து வைக்க வேண்டும். பில்டரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் கூட்டுறவுப் பதிவாளரின் பிரதிநிதி இருக்க வேண்டும். பில்டர் திட்டச் செலவில் 20 சதவீதத்துக்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும். கமிட்டியில் இருப்பவரோ அவருடைய உறவினரோ பில்டராக இருத்தலாகாது. இவையெல்லாம் அந்த நெறிமுறைகளில் உள்ளவை.

முறைப்படி எடுக்கப்பட்ட பொதுக்குழுத் தீர்மானம் சிறுபான்மையினரையும் கட்டுப்படுத்தும், ஓரிருவர் மறுப்பதனால் மட்டும் திட்டம் நின்றுவிடாது என்ற கருத்தை மும்பை உயர் நீதிமன்றமும் 2009 முதலாகப் பல தீர்ப்புகளில் கூறியிருக்கிறது. அப்படியானால் சண்டைக்கே இடமில்லை, பெரும்பான்மை கிடைத்தால் போதும் என்று வாசகர்கள் எண்ணலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

எங்கள் கட்டிடம் செம்பூரில் உள்ளது. தரைத் தளத்தோடு நான்கு நிலை. நிலைக்கு ஆறாக 24 வீடுகள். பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். மற்றவர்கள் மராட்டியரும் மலையாளிகளும். பொதுக்கூட்டம் நடந்தது, பில்டரின் ஒப்பந்த நகல் வந்தது. 21 வீட்டார் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டோம். மூவர் மட்டும் இடவில்லை. முதலாமவர் தரைத் தளத்தில் தனியாக வசிக்கும் எழுபது வயது கடந்த ஒரு மாமி. காலஞ்சென்ற கணவரின் குடும்ப ஓய்வூதியத்தில் காலம் தள்ளுபவர். இரண்டாமவர் ஓய்வு பெற்ற ஒரு மராட்டியப் பெரியவர். அவரைக் குழந்தைகள் முதல் எல்லோரும் காக்கா என்றே அழைப்போம். மூன்றாமவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து மளிகை வியாபாரத்தில் முன்னேறிய அண்ணாச்சி.

ஒரே மாதத்தில் கட்டிடம் இரண்டாகப் பிளந்தது. வெள்ளிக்கிழமைப் பஜனைக்கு மாமியை யாரும் அழைக்கவில்லை. காக்காவின் வீட்டுக் கதவில் யாரோ சுண்ணாம்புக் கட்டியால் வசைமொழி எழுதினார்கள். அண்ணாச்சி கூட்டத்தில் எழுந்து, கமிட்டியில் ஒருவருடைய மைத்துனர் பில்டரிடம் வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டதாகச் சொல்லப் போக, காரியதரிசியும் அவரும் கைகலக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். இருவரும் முப்பது ஆண்டுகளாக ஒரே பேப்பரைப் பங்கு போட்டு வாங்கிப் படித்தவர்கள்.

அப்போதுதான் மாமியிடம் பேசி இணங்க வைக்கும்படி கமிட்டியார் என்னை அனுப்பினார்கள். சிறு வயதில் அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் என்பதனால் என் சொல்லைத் தட்டமாட்டார் என்று நினைத்தார்கள். நானும் போனேன். "மாமி, உங்களால் எல்லோருக்கும் நஷ்டம். கோர்ட்டுக்குப் போனாலும் நிற்காது. வீணாகப் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்" என்று, இன்று நினைத்தாலும் நாணும்படியாகப் பேசினேன். மாமி சினங்கொள்ளவில்லை. காபி ஆற்றிக் கொடுத்தார். பிறகு, "ஏம்ப்பா, நீ கையெழுத்துப் போட்டாயே, அந்தக் காகிதத்தைப் படித்தாயா?" என்று கேட்டார்.

நான் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் அறுபது பக்கங்களுக்கு மேல் இருந்தது. எல்லோரும் இட்டார்கள், நானும் இட்டேன். ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஒரு கூடை மாம்பழத்தைக்கூட எடை பார்க்காமல், சீட்டைச் சரிபார்க்காமல் நான் ரசீது எழுதியதில்லை. என் வீட்டை மட்டும் எடை பார்க்காமல் எழுதிக் கொடுத்துவிட்டேன்!

"எனக்குப் புது வீடு வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? மாதம் எவ்வளவு கட்டணும், எத்தனையாவது மாடி, லிப்ட் நின்றுபோனால் நான் என்ன செய்வேன்? இந்த மூன்றையும் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் கையெழுத்து மட்டும் கேட்டால் எப்படி?" என்றார்.

அன்றிரவு ஒப்பந்த நகலை எடுத்து வைத்துக்கொண்டு, அகராதியின் துணையோடு படிக்கத் தொடங்கினேன். மாமியின் மூன்று கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அதில் விடையில்லை. மறுநாள் காக்காவிடம் சென்றேன். அவர் கோரேகாவ் பத்ரா சாலின் கதையைச் சொன்னார். அரசு வீட்டு வசதி வாரியத்துக்குரிய அந்த நிலத்தில் வாழ்ந்த 672 குடும்பங்கள், 2008-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை நம்பி வீடுகளைக் காலி செய்தன. வேலை பாதியில் நின்றது. வாடகைப் பணமும் நின்றது. பத்தாண்டுகளுக்கு மேல் அக்குடும்பங்கள் வீடின்றி அலைந்தன. "நம் ஒப்பந்தத்தில் வங்கி உத்தரவாதம் எங்கே என்று கேட்டேன். என்னைத் துரோகி என்கிறார்கள்" என்றார். தேடிப் பார்த்தேன். உண்மையாகவே இல்லை. அண்ணாச்சியின் கேள்வியோ இன்னும் எளிது: தரப்போகும் பரப்பு சுவருக்குள் அளந்ததா, சுவரையும் சேர்த்து அளந்ததா? ஒப்பந்தத்தில் ஓரிடத்தில் ஒரு மாதிரியும், வேறோரிடத்தில் மற்றொரு மாதிரியும் எழுதியிருந்தது.

ஆக, மறுத்த மூவரும் திட்டத்தை மறுக்கவில்லை. எல்லோருக்காகவும் கேட்க வேண்டிய கேள்விகளை அவர்கள் மட்டும் கேட்டிருந்தார்கள். கையெழுத்திட்ட 21 பேரில் அந்த நகலை முழுதும் படித்தவர் ஒருவருமில்லை. படித்தவர்களை எதிரிகள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்!

இதைக் கமிட்டியில் சொன்னபோது முதலில் எனக்கும் வசவுதான் கிடைத்தது. ஆயினும் காரியதரிசி நேர்மையானவர். நகலைத் தாமே மறுமுறை படித்துப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போனார். பிறகு ஓர் ஏற்பாடு செய்தோம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், மாலை நான்கு மணிக்கு மொட்டை மாடியில் எல்லோரும் கூடுவது. ஒப்பந்தத்தைப் பிரிவு பிரிவாக வாசித்துத் தமிழிலும் மராட்டியிலும் பொருள் சொல்வது. எழும் கேள்வி ஒவ்வொன்றையும் கேட்டவர் பெயரில்லாமல் ஒரு நோட்டில் வரிசை எண்ணிட்டு எழுதுவது. பெயரில்லாமல் எழுதியதுதான் பெரும் பயன் தந்தது. யார் கேட்டார் என்பது மறைந்து, என்ன கேட்கப்பட்டது என்பது மட்டும் நின்றது. மொத்தம் 43 கேள்விகள் சேர்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை, முன்னமே கையெழுத்திட்டவர்கள் கேட்டவை!

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, சொசைட்டி அமர்த்திய ஆலோசகரோடும் வக்கீலோடும் பில்டரிடம் சென்றோம். 24 வீட்டாரும் ஒரே தாளோடு வந்திருப்பதைக் கண்டதும் அவர் பேசும் முறையே மாறிவிட்டது. பரப்பு சுவருக்குள் அளந்த பரப்பே என்று எழுதப்பட்டது. வங்கி உத்தரவாதம் சேர்க்கப்பட்டது. மாதந்தோறும் தரும் வாடகைக்கு ஆண்டு முழுமைக்குமான காசோலைகள் முன்னரே கைக்கு வர வேண்டும், ஆண்டுதோறும் தொகை உயர வேண்டும் என்று ஆயிற்று. குடியேறும் அனுமதிச் சான்றிதழை மாநகராட்சி தந்த பின்னரே வீட்டை ஒப்படைத்ததாகக் கொள்ளப்படும் என்று சேர்த்தோம். ஒவ்வொரு வீட்டாருக்கும் தனித்தனி ஒப்பந்தம் பதிவாகும் வரை ஒருவரும் காலி செய்வதில்லை என்றும் முடிவாயிற்று.

மாமியின் கேள்விகளுக்கும் விடை கிடைத்தது. கார் நிறுத்தும் தளங்களுக்கு மேலே வரும் முதல் குடியிருப்புத் தளத்திலேயே அவருக்கு வீடு. மின்சாரம் நின்றாலும் ஒரு லிப்டாவது ஜெனரேட்டரில் ஓட வேண்டும். உயரமான கட்டிடத்தில் லிப்ட், தீயணைப்புப் பம்பு, காவலர் என்று மாதச் செலவு மிகும் என்பது உண்மை. அதை மறைத்துப் பயனில்லை. ஆகவே பில்டர் ஒவ்வொரு வீட்டாருக்கும் தரும் மூலதனத் தொகையை வங்கியில் வைப்பாகப் போட்டால் மாதம் எவ்வளவு வட்டி வரும், கட்டணம் எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார். "இதைத்தானே முதலிலேயே கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார்.

அண்ணாச்சி எழுப்பிய சந்தேகத்துக்கும் வழி கண்டோம். கமிட்டி அங்கத்தினர் ஒவ்வொருவரும், தமக்கோ தம் உறவினருக்கோ பில்டரிடம் எவ்விதச் சம்பந்தமும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அண்ணாச்சி கேள்விப்பட்டது தவறான செய்தி என்று தெரிய வந்தது. அவர் கூட்டத்திலேயே எழுந்து வருத்தம் தெரிவித்தார். காரியதரிசியும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். ஆனால் பேப்பரை இப்போது தனித்தனியாகத்தான் வாங்குகிறார்கள். கோர்ட்டுக்குப் போகாமலே தீர்ந்த வழக்கிலும் இப்படிச் சில செலவுகள் உண்டு.

அண்டை வீட்டாரையும் இங்கே சொல்லாமல் விடலாகாது. எதிர்க் கட்டிடத்தார், "உங்கள் இருபது மாடி எங்கள் வெளிச்சத்தை மறைக்கும், இந்தக் குறுகிய சந்தில் லாரிகள் எப்படி வரும்?" என்று முறையிட்டார்கள். அவர்களுக்கு நம் பொதுக்குழுவில் ஓட்டு இல்லை. ஆனால் தெருவில் பங்கு உண்டு. பள்ளி விடும் நேரத்தில் லாரி வருவதில்லை, இரவில் இடிப்பு வேலை இல்லை, வாயிலைத் தீயணைப்பு வண்டி திரும்பும் அளவுக்கு உள்ளே தள்ளி அமைப்பது என்று ஒப்புக்கொண்டோம். வெளிச்சத்துக்கு மட்டும் எங்களால் விடை சொல்ல முடியவில்லை. அதை அவர்களிடம் நேராகவே ஒப்புக்கொண்டோம்.

ஆகவே அன்பர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக் கூடியது இதுதான். உங்கள் சொசைட்டியில் கையெழுத்திடாதவர் யாரேனும் இருந்தால், அவரிடம் வக்கீல் நோட்டீஸ் போகும் முன் நீங்கள் போங்கள். இணங்க வைக்கப் போகாதீர்கள்; அவர் கேள்வி என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். சிலர் அதிகப் பணம் பறிப்பதற்காகவே மறுப்பவராக இருக்கலாம். அத்தகையோருக்குக் கூட்டுறவு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் இருக்கின்றன. ஆனால் கேட்காமல் அதை எப்படி அறிவது? பெரும்பான்மை என்பது தீர்மானத்தை நிறைவேற்றப் போதும். ஒப்பந்தத்தில் உள்ள ஓட்டையை அடைக்க அது போதாது. ஓட்டையைக் கண்டவர் ஒருவராக இருந்தாலும் மழை வந்தால் நனைவது எல்லோரும்தானே?

இப்போது எங்கள் மனையில் ஒன்பதாம் தளத்துக்குக் கம்பி கட்டுகிறார்கள். நாங்கள் எல்லோரும் சுற்றுவட்டாரத்தில் வாடகை வீடுகளில் சிதறி இருக்கிறோம். மாமி இரண்டு தெரு தள்ளி வசிக்கிறார். வெள்ளிக்கிழமைப் பஜனை இப்போது அவர் வீட்டில்தான் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் பிரசாதம் தரும்போது, "வாடகைச் செக் வந்ததா, பார்த்தாயா?" என்று கேட்கிறார். பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.