புத்தகம் பார்த்து எழுதும் தேர்வில் யார் தோற்கிறார்கள்?

"எந்த டிகிரி படித்திருந்தாலும் மெடிக்கல் கோடிங், வேலை உறுதி." விருதுநகர், சாத்தூர், சிவகாசி பக்கம் இந்த நோட்டீஸ் ஒட்டாத பஸ் ஸ்டாப்பைத் தேட வேண்டியிருக்கிறது. பயர் ஆபீசில் திரி வைக்கும் அம்மா, மகளிர் குழுவில் கடன் வாங்கிப் பிள்ளையைச் சேர்த்துவிடுகிறார். பிள்ளையும் மாதக்கணக்கில் போய் வருகிறது. பிறகு, "சிபிசி எழுதினியாம்மா?" என்று கேட்டால் தலை குனிகிறது.

உடனே ஒரு குரல் கிளம்பும்: "இதுங்களுக்குத் தகுதி பத்தாது, இங்கிலீஷ் வராது." அந்தக் குரலோடுதான் நமக்குக் கணக்கு.

தோழர்களே, அந்தத் தேர்வு எப்படிப்பட்டது என்று முதலில் பாருங்கள். நடத்துவது ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பு. 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. மனப்பாடம் வேண்டியதில்லை, நோய்களுக்கான ஐசிடி-10-சிஎம், சிகிச்சைகளுக்கான சிபிடி, மருந்து, உபகரணங்களுக்கான ஹிக்பிக்ஸ் என்ற மூன்று குறியீட்டுப் புத்தகங்களையும் பார்த்தே எழுதலாம். ஒரு கேள்விக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடம்கூட இல்லை. அதற்குள் சரியான பக்கத்தைப் புரட்ட வேண்டும். அது கைப்பழக்கம். சொந்தப் புத்தகம் இருந்து, அதில் கோடு போட்டு, ஓரத்தில் சீட்டு ஒட்டி, மாதக்கணக்கில் புரட்டியவருக்கு மட்டும் வரும் பழக்கம்.

அந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது? சிபிடியின் காப்புரிமை அமெரிக்க மருத்துவச் சங்கத்திடம். விலை டாலரில். தேர்வுக் கட்டணமும் உறுப்பினர் கட்டணமும் டாலரில். நம் பிள்ளைகள் பள்ளி நாளிலிருந்தே அக்காவின் பழைய கைடை வாங்கிப் படித்து மேலே வந்தவர்கள். இங்கே அந்த வழியும் அடைபடுகிறது. சிபிடி ஜனவரியில் மாறும், ஐசிடி அக்டோபரில் மாறும். அக்காவின் புத்தகம் இரண்டே வருடத்தில் ஆளைக் கவிழ்க்கும். அரசின் கல்வி உதவித்தொகையோ அங்கீகாரம் பெற்ற கல்லூரிப் படிப்புக்குத்தான். மாடிப்படிக்குக் கீழே நடக்கும் பயிற்சி மையத்துக்கு வராது.

வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதலாமாம், பெரிய சலுகை! வெப்கேம் வேண்டும், அறாத இணையம் வேண்டும், தனி அறை வேண்டும், நடுவில் யாரும் உள்ளே வரக் கூடாது. காலனி வீட்டில் அறையே ஒன்றுதான். 4 மணி நேரம் அப்பா, அம்மா, தம்பி, ஆடு எல்லாம் எங்கே நிற்பது?

இத்தனையும் தாண்டி ஜெயித்தாலும் அனுபவம் இல்லாதவர் பட்டத்தின் வாலில் 'ஏ' என்று ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். அப்ரண்டிஸ் என்று பொருள். அதை உதிர்க்க வேலை அனுபவம் காட்ட வேண்டும். பேருக்குப் பின்னால் அடையாளம் ஒட்டுவது நமக்குப் புதிதா என்ன.

"அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கணக்கெழுதுவதில் என்ன விடுதலை?" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். மருந்துக் கலவைக்கு எட்டத்தில் உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்குவதே எங்கள் பெண்களுக்குப் பெரிய விஷயம். அதைக் கேலி செய்யும் உரிமை யாருக்கும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஐசிடி-10-சிஎம்மில் டபிள்யூ39 என்றால் பட்டாசு வெடித்த காயம். ஜூலை 4 கொண்டாட்டத்தில் கையைச் சுட்டுக்கொண்ட அமெரிக்கருக்குப் போடுவது. ஆலை வெடித்தால் டபிள்யூ40.8. கூலி வேலையின்போது நடந்தது என்றால் ஒய்99.0. அலுமினியத் தூள் நுரையீரலைத் தின்றால் ஜே63.0. காயத்துக்கான குறியீட்டின் ஏழாவது எழுத்து 'எஸ்' என்றால், காயம் ஆறியும் விடாத பின்விளைவு. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அச்சன்குளத்திலும் வெந்து பிழைத்தவர்கள் இன்று அந்த 'எஸ்' எழுத்தில்தான் வாழ்கிறார்கள்.

நாங்கள் கையில் வாங்கிப் பார்த்த மருத்துவச் சீட்டுகளில் 'தீக்காயம்' என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது. எந்த ஆலை, என்ன வேலை, எதுவும் இல்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கேட்பதோ, காயம் வேலையால், வேலையின்போது ஏற்பட்டதா என்பதைத்தான். வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாத பெண்ணுக்கு அந்தச் சீட்டும் வாய் திறக்காவிட்டால் முதலாளியின் வக்கீலுக்கு வேலை மிச்சம். கோடிங் படித்த பிள்ளைக்கு அந்தச் சீட்டில் எது விடுபட்டிருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

ஆகவே எங்கள் கோரிக்கை, மறுபடியும் ஒரு பயிற்சி வகுப்புத் திறப்பு விழா அல்ல. தாட்கோ தேர்வுக் கட்டணத்தையும், அந்தந்த ஆண்டின் மூன்று புத்தகங்களையும் ஏற்க வேண்டும். இதுவரை எத்தனை பேருக்கு, எந்த மாவட்டத்தில் செய்திருக்கிறது என்பதை வெளியிடவும் வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தேர்வு நாளன்று ஓர் அறையைப் பூட்டித் தர வேண்டும். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கே பட்டாசுத் தீக்காயத்தோடு வருகிறவரின் சீட்டில் ஆலையும் வேலையும் எழுதப்பட வேண்டும்.

எங்கள் மாலை வகுப்பில் இப்போது ஒரு செட் புத்தகம் இருக்கிறது. ஏழு பேர் முறை வைத்துப் புரட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாருக்கும் இரவல் இல்லை. அன்று அவரவர் வீட்டுப் பழைய மருத்துவச் சீட்டோடு வர வேண்டும்.