அத்தை முன்னால் நடக்க...

வெளியூரிலிருந்து வந்த உறவினருக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதைப் போலச் சங்கடமான காரியம் வேறு இல்லை. காட்டுகிறவருக்கு அவசரம், பார்க்கிறவருக்குக் கால்வலி, கூட வரும் குழந்தைகளுக்குப் பசி. மூன்றும் ஒன்று சேர்ந்துவிட்டால், மாலையில் வீடு திரும்பும்போது யாரும் யாருடனும் பேசுவதில்லை! உள்ளூரிலேயே இப்படியென்றால், பாஷை தெரியாத தேசத்தில் கேட்கவா வேண்டும்?

என் அத்தைக்கு வயது எழுபத்திரண்டு. ஊர் ராயகிரி; மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம், சிவகிரிக்குப் பக்கம். அவருடைய பிள்ளை, அதாவது என் அத்தான், மனைவி மகளோடு ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இருக்கிறார். சென்ற கோடையில் அத்தையை அழைத்துக்கொண்டு நானும் என் கணவரும் அங்கே போயிருந்தோம்.

ஸாலே நதிக்கரையில் உள்ள பழமையான ஊர் ஹாலே. ரயில் நிலையத்திலிருந்து கடைவீதி வழியாகக் கால் மணி நேரம் நடந்தால் நடு ஊரிலுள்ள சந்தைச் சதுக்கம் வந்துவிடும். ஒரு காலத்தில் உப்புக் காய்ச்சிப் பணம் சேர்த்த ஊர் அது.

"நம்ம தூத்துக்குடி மாதிரியா?" என்று கேட்டார் அத்தை.

தூத்துக்குடியில் கடல் நீரை வெயில் காய வைக்கிறது. இங்கே பூமிக்கடியில் ஊறும் உப்பு நீரை இறைத்து, அடுப்பு மூட்டிக் காய்ச்சினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

சதுக்கத்தில் நின்று நிமிர்ந்தால் ஐந்து கோபுரங்கள். நான்கு, தேவாலயத்தினுடையவை. ஐந்தாவது தனியாக நிற்கும் 'சிவப்புக் கோபுரம்'. 84 மீட்டர் உயரம். நடுவே சங்கீத மேதை ஹாண்டலின் சிலை. 1685ஆம் ஆண்டு இதே ஊரில் பிறந்து, இதே தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் அவர்.

முதல் நாள் அத்தான் எட்டு இடங்களுக்குப் பட்டியல் போட்டிருந்தார். அவர் முன்னால் விறுவிறுவென்று போக, குழந்தை அவர் பின்னால் ஓட, கடைசியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அத்தை. தெருவில் பதித்த கருங்கல்லோ மேடும் பள்ளமும். நாலாவது இடத்துக்குள் அத்தை ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கன இருந்துக்கிடுதேன்."

ஏழு வருஷம் கழித்துப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வந்த தாய், அன்று முழுவதும் பார்த்தது பிள்ளையின் முதுகைத்தான்!

அத்தானின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அன்றிரவு அக்கா ஒரு சட்டம் போட்டார்: "நாளையிலேருந்து அத்தைதான் முன்னால நடக்கணும். அவங்க நிக்கிற இடத்திலே எல்லாரும் நிக்கணும். ஒரு நாளைக்கு ஒரே இடந்தான்."

மறுநாள் போன இடம் ஃபிராங்கே தர்ம ஸ்தாபனம். சதுக்கத்திலிருந்து தெற்கே பத்து நிமிஷ நடை. அத்தையின் காலுக்கு அரை மணி. ரொட்டிக் கடை வாசலில் நின்றோம். ஜன்னல் பூந்தொட்டிகளைப் பார்த்து நின்றோம். அவசரப்படுத்த ஆள் இல்லை.

ஃபிராங்கே என்ற பாதிரியார் 1695இல், உண்டியலில் யாரோ போட்டிருந்த நாலு தாலர் பதினாறு குரோஷன் காசை வைத்து ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1698இல் அநாதைக் குழந்தைகளுக்கு இல்லம் கட்ட அஸ்திவாரம் போட்டார். பிறகு பள்ளிகள், மருந்துக் கடை, அச்சுக்கூடம், புத்தகசாலை என்று அது ஒரு குட்டி ஊராகவே வளர்ந்துவிட்டது.

நமக்கும் இந்த இடத்துக்கும் பந்தம் உண்டு. ஹாலேயில் படித்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கித் தமிழ் கற்றார். ஹாலேயில் வார்த்த தமிழ் அச்செழுத்துக்கள் 1713இல் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தன. அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றியும் 1713இல் ஒரு நூல் எழுதி அனுப்பினார். ஐயனார், மாரியம்மன், பிடாரி எல்லாரும் அதில் உண்டு. அதை மட்டும் ஹாலே பெரியவர்கள் அச்சிட மறுத்துவிட்டார்கள். 1867இல்தான் சென்னையில் அது அச்சேறியது.

"நம்ம மாரியம்மாளைப் பத்தியா எழுதியிருக்காரு?" அத்தைக்குக் கால்வலி பாதி போய்விட்டது.

அநாதை இல்லத்தின் மேல்மாடியில் அந்தக் காலத்து அதிசயப் பொருள்களின் கூடம் இருக்கிறது. கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது! ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று ஏறினார் அத்தை. அங்கே, கண்ணாடிக்குள், நம் ஓலைச்சுவடி.

அத்தானின் மகளுக்கு ஒன்பது வயது. தமிழ் அரைகுறையாகப் பேசுவாள், எழுத்துத் தெரியாது. பத்து நாட்களாகப் பாட்டிக்கும் பேத்திக்கும் நடந்த சம்பாஷணை, "சாப்பிட்டியா?", "ம்" என்ற இரண்டே வார்த்தைகள். அன்று அத்தை கண்ணாடி அருகே குனிந்து, "க... ட... ம..." என்று கூட்டிப் படிக்க ஆரம்பித்ததும், அவள் ஓடி வந்தாள்.

"ஆச்சி, உங்களுக்கு இது வாசிக்கத் தெரியுமா?"

"நம்ம எழுத்துட்டி! புள்ளிதான் இல்லை."

குழந்தை பக்கத்திலிருந்த ஜெர்மன் குறிப்பைப் படித்துத் தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னாள். ஆளுக்குப் பாதியாக இருவரும் அந்தச் சுவடியைப் பார்த்து முடித்தார்கள்.

கீழே வந்து மரத்தடியில் உட்கார்ந்ததும் அத்தை என் பேனாவை வாங்கினார். 'கல' என்று எழுதினார். "இதுக்கு மேலே புள்ளி வச்சா 'கல்'. வைக்காட்டா மோரிலே உப்பைக் கலக்கச் சொல்லுறதா ஆயிரும்." குழந்தை சிரித்துக்கொண்டே புள்ளி வைத்தாள். அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தாயாரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளையைப் பார்க்கப் புறப்படும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்: புதுச் செருப்பு வேண்டாம், பழகிய பூட்ஸ்தான் கருங்கல் தெருவுக்கு உகந்தது. ஞாயிற்றுக்கிழமை அநேகமாகக் கடைகள் இராது. சனிக்கிழமையே காய்கறி வாங்கிவிடுங்கள். கழிப்பறைக்குக் கொடுக்கச் சில்லறை கையிலிருக்கட்டும். கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால், மத்தியானம் படுத்தெழுந்து சாவகாசமாகவே கிளம்பலாம். மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவரை முன்னால் விடுங்கள். இடங்கள் சில குறையும், குறைந்தால் குறையட்டும்.