கிழவிக்குப் பேய் பிடித்ததா?

நமது வீடுகளில் ஒரு கிழவனாரோ, கிழவியம்மாளோ சற்றுமுன் சாப்பிட்டுவிட்டு "எனக்கு ஏன் சோறு போடவில்லை?" என்று கேட்டாலும், பெற்ற மகனையே பார்த்து "நீ யாரப்பா?" என்று கேட்டாலும், உடனே கருமம் என்பார்கள், கிரகக் கோளாறு என்பார்கள், பேய் பிடித்துக்கொண்டது என்பார்கள். கொஞ்சம் படித்தவர்களாயிருந்தால் "வயதானால் அப்படித்தான்" என்று சொல்லிவிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும் முடிவு என்னவோ ஒன்றுதான். அதாவது டாக்டரிடம் கொண்டுபோக வேண்டியதில்லை என்பதேயாகும்.

உண்மை என்ன? 1901-ம் வருஷத்தில் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு 51 வயதுள்ள ஒரு அம்மாள் கொண்டுவரப்பட்டார். அவருக்குத் தன் பெயரை எழுதக்கூட வரவில்லை. புருஷன் மீது ஓயாத சந்தேகம். 1906-ல் அவர் இறந்தபின் அல்சைமர் என்ற டாக்டர் அவரது மூளையை எடுத்துச் சோதித்தபோது, அது சுருங்கியிருந்ததையும், நரம்பணுக்களுக்குள் முடிச்சுகளும் வெளியில் படிவுகளும் இருந்ததையும் கண்டார். பேய் உட்கார்ந்திருந்த இடம் மாத்திரம் அகப்படவில்லை. அவர் பெயரால் வழங்கும் அந்த நோய்தான் இன்று மறதி நோய்களில் அதிகமாகக் காணப்படுவது. இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளிவந்த ஆராய்ச்சிக் கணக்கு கூறுகின்றது. அதிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம்.

நிற்க, நாம் அறிந்த ஒரு கிராமத்துச் சங்கதியைச் சொல்லுகின்றோம். புருஷனை இழந்த ஒரு அம்மாள் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பேச்சில்லை, சாப்பாடில்லை, தூக்கமில்லை. "கிழவிக்கு வீம்பு" என்றார்கள். பிறகு மறதியும் வந்தது. ஒருநாள் இரவு திடீரென்று கூச்சலிட்டு, இல்லாத ஆட்களுடன் பேசத் தொடங்கினார். வேப்பிலைக்காரன் வந்தான், மூன்று நாள் அடித்தான், ரூபாயும் வாங்கிக்கொண்டான். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் பார்த்ததில் மூத்திரத்தில் கிருமி என்று தெரிந்தது. மருந்தும் தண்ணீரும் உள்ளே போனபின் கூச்சல் அடங்கி, ஒரு வாரத்தில் அந்த அம்மாள் காப்பி கேட்டார். பேய் குடியிருந்தது மூத்திரப் பையில்தான் போலும்!

வயதானவர்களுக்கு ஓரிரு நாளில் திடீரென்று புத்தி தடுமாறினால் கிருமியோ, தண்ணீர்க் குறைவோ, மலச்சிக்கலோ, புதிதாய்க் கொடுத்த மாத்திரையோ காரணமாயிருக்கலாம். அது அவசர வைத்தியத்திற்குரிய விஷயம். "வீம்பு" என்று சொன்னார்களே, அது மனச்சோர்வு என்னும் வியாதி. மறதி நோய் போலவே தோன்றும். ஆனால் வைத்தியத்தால் குணமாகக் கூடியது. தைராய்டுக் குறைவும், பி12 சத்துக் குறைவும் இப்படியே ஏமாற்றும். அல்சைமருக்கோ இன்றுவரை பூரண குணமளிக்கும் மருந்து இல்லை. அதனால்தான் அங்கே பராமரிப்பே பெரிய வைத்தியமாகின்றது.

அந்தப் பராமரிப்பை ஒரு தொழிலைப்போல் கற்க வேண்டும். "நான் யார், சொல் பார்ப்போம்" என்று கிழவருக்குப் பரீட்சை வைப்பது கொடுமை. "நான் உன் மகன்" என்று நாமே சொல்லிக்கொண்டு போனால் என்ன குறைந்துவிடும்? செத்துப்போன புருஷனைத் தேடும் அம்மாளிடம் "அவர் செத்து எத்தனை வருஷமாச்சு!" என்றால், அவருக்கு அது அன்று விழுந்த எழவாகவே இருக்கும். அவரைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டால் சற்றில் அமைதியாவார். ஒரு சமயத்தில் ஒரு காரியம், ஒரு சிறு வாக்கியம் போதும். அந்தி வேளையில் குழப்பம் அதிகமாவதுண்டு. முன்னதாகவே விளக்கைப் போட்டுவிட வேண்டும். கேட்காமலே தண்ணீர் கொடுக்க வேண்டும். வேளை தவறாமல் ஒன்றுக்கு அழைத்துப்போக வேண்டும். காரணமில்லாமல் சீறினால் எங்கேயோ வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிப்பாட்டும்போது ஒரு துணியைப் போர்த்தியே குளிப்பாட்ட வேண்டும். நினைவு போனவர்களுக்கும் மானம் போய்விடுவதில்லை. முருங்கைக்கீரை உருவக் கொடுத்தால் உருவுவார். பாதி தண்டாயிருந்தால் குழம்பு கெட்டுவிடாது.

கட்டிவைப்பது மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளைச் சங்கிலியில் பிணைத்திருந்த விடுதி தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியில் பிணைப்பதைத் தடுக்கின்றது. ஆனால் வீட்டுக் கட்டிற்காலில் பழஞ்சேலையால் கட்டுவதை எந்தப் போலீசு வந்து பார்க்கின்றது? தூக்க மருந்தால் ஓயாமல் மயக்கி வைப்பதும் கண்ணுக்குத் தெரியாத கட்டேயாகும்.

இனி இந்த வேலையெல்லாம் யார் தலையில் விழுகின்றது? "தாயே தெய்வம்" என்று பேசுகின்ற மகன் மூத்திரத் துணியைத் தொடுவதில்லை. அவன் பெண்சாதியே தொடுகின்றாள். கூலியில்லை, ஓய்வில்லை, மறதியில் கிழவி "என் நகையைத் திருடிவிட்டாள்" என்றால் ஊரார் ஏச்சும் அவளுக்கே. மேலே சொன்ன அம்மாளின் மருமகள் இரண்டு வருஷமாய்த் தாய்வீட்டிற்குப் போகவில்லை. புருஷனோ நமது கூட்டங்களுக்குத் தவறாமல் வருகின்றவர்! இதைச் சொல்ல நமக்கு வெட்கமாகத்தான் இருக்கின்றது.

பெற்றோரைக் காப்பாற்றும்படி 2007-ல் சட்டம் செய்தார்கள். அது ஜீவனாம்சம் வாங்கிக் கொடுக்கலாம்; குளிப்பாட்டக் கற்றுக் கொடுக்காது. 2021-ல் நமது மாகாணத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வீட்டிற்கே மருந்து கொண்டு வந்தது. அவ்வழியிலேயே மறதி நோய்ப் பராமரிப்பைப் பழகிய நர்சுகளை நல்ல சம்பளத்தில் வீடுதோறும் அனுப்ப வேண்டும். பகல் வேளையில் முதியோரை விட்டுவைக்க ஊருக்கொரு இடமும் வேண்டும் என்று கேட்கின்றோம்.

அதுவரையில் நமது சங்கத்தார் ஒன்று செய்யலாம். அடுத்த மாதக் கூட்டத்தில் பிரசங்கிக்குப் பதில் ஒரு நர்சு அம்மையாரை அழைத்து, படுத்திருப்பவரைப் புரட்டுவது எப்படி, வாய் கழுவுவது எப்படி என்று செய்து காட்டச் சொல்லுங்கள். முன் வரிசையில் ஆண்களை உட்கார வையுங்கள்.