சொன்னவர் பெயர் எங்கே?

சென்னை, புதுச்சேரி, திருவனந்தபுரம். உலகின் கணித, இயற்பியல் ஆய்விதழ்கள் பலவற்றின் பக்கங்கள் இந்த ஊர்களில்தான் அச்சுக்குத் தயாராகின்றன. அங்கே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கு அன்றாடக் கருவி லாடெக். ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் டொனால்ட் நூத் 1978இல் வெளியிட்ட டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் மேல், 1980களின் முற்பாதியில் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய மாடி இது.

லாம்போர்ட்டின் கொள்கை எளிமையானது. எழுதுபவர் 'இது மேற்கோள்', 'இது தேற்றம்' என்று மட்டும் சொன்னால் போதும். எழுத்தின் அளவு, ஓரத்தின் அகலம் எல்லாம் வேறோர் இடத்தில் ஒரே ஒருமுறை தீர்மானிக்கப்படும். இதற்கு உதவுவதுதான் 'என்விரான்மென்ட்'. 'பிகின்' என்று திறந்து 'எண்ட்' என்று மூடும் சூழல்.

இருக்கிற சூழல்கள் போதாவிட்டால் சொந்தமாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். 'நியூஎன்விரான்மென்ட்' என்ற கட்டளை கேட்பது நான்கு விவரங்கள்: பெயர், பாராமீட்டர்களின் எண்ணிக்கை, தொடக்கத்தில் செய்ய வேண்டியது, முடிவில் செய்ய வேண்டியது. பாராமீட்டர்கள் ஒன்பதைத் தாண்டக்கூடாது. ஹாஷ் குறிக்குப் பின்னால் ஒற்றை இலக்கத்துக்குத்தான் இடம். முதல் பாராமீட்டரைக் கொடுக்காமல் விட்டால் முன்பே எழுதி வைத்த மதிப்பை எடுத்துக்கொள்ளும் வசதி, 1994இல் வந்த லாடெக் 2இ பதிப்பில் சேர்ந்தது.

லாபம் கண்கூடு. ஆய்வேட்டில் 150 மேற்கோள்கள். கடைசி வாரத்தில் ஓரத்தை மாற்றச் சொல்கிறார் வழிகாட்டி. கையால் அமைத்தவருக்கு 150 திருத்தங்கள். சூழல் அமைத்தவருக்கு ஒரே வரி.

சிக்கல் வருவது முடிவில். மேற்கோளின் கீழே, வலது ஓரத்தில் சொன்னவரின் பெயர் வர வேண்டும். பெயரை முதல் பாராமீட்டராகக் கொடுத்து, முடிவுப் பகுதியில் ஹாஷ் 1 என்று எழுதினால் லாடெக் மறுத்துவிடுகிறது: பாராமீட்டர் எண் செல்லாது! எழுத்துப் பிழையைத் தேடியே ஒரு மாலைப் பொழுதைத் தொலைக்கிறார்கள் புதியவர்கள். பிழை எழுத்தில் இல்லை. லாடெக் ஒரு சூழலை இரண்டு தனிக் கட்டளைகளாகப் பிரித்து வைக்கிறது. பாராமீட்டர்களை வாங்கிக்கொள்வது தொடக்கக் கட்டளை மட்டுமே. மூடும் கட்டளையின் கை காலி.

வழி இருக்கிறது. தொடக்கத்திலேயே பெயரை ஒரு சிறு கட்டளைக்குள் சேமித்துவிட்டு, முடிவில் அதைக் கூப்பிட வேண்டும். சூழல் மூடியதும் சேமித்தது தானாக மறைந்துவிடும். ஒருவர் பெயர் அடுத்தவர் மேற்கோளில் ஒட்டிக்கொள்ளாது. அனுபவசாலிகள் ஆண்டுக்கணக்கில் செய்துவந்த இந்த வேலை, 2020 அக்டோபர் வெளியீட்டுக்குப் பின் கட்டாயமில்லை. அதில் லாடெக்கின் மையத்திலேயே சேர்ந்த 'நியூடாக்குமென்ட்என்விரான்மென்ட்', முடிவுப் பகுதியிலும் பாராமீட்டர்களை அனுமதிக்கிறது.

பழைய கட்டளையும் இன்றுவரை ஓடுகிறது. அதன் பழைய முரண்டும்தான். ஆசிரியர்கள் தங்கள் விருப்பப்படி அமைத்த சூழல்களோடு கோப்பு வந்து சேரும்போது, அவற்றை ஆய்விதழின் தோற்றத்துக்கு மாற்ற வேண்டியவர் சென்னையிலோ புதுச்சேரியிலோ இருக்கும் ஓர் ஊழியர். ஆசிரியர் ஒழுங்காக அமைத்திருந்தால் அவருக்கு ஒரு வரி வேலை. இல்லாவிட்டால், 150 இடங்களில் சொன்னவர் பெயரைத் தேட வேண்டும்.